துயர நாட்களில் நன்றிப்பலி



ஒக்ரோபர் மாதத்தின் முதல் ஞாயிறன்று ஜேர்மனியின் பெரும்பாலான ஆலயங்களில் அறுவடை நன்றித் திருநாள் கொண்டாடப்படுவதை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். பலிபீடத்தின் படிகளிற் பூசணிக்காயும் அப்பிளும் உருளைக்கிழங்கும் கோதுமைக் கதிர்க்கட்டும் அடுக்கப்பட்டு, அவற்றின் நடுவே பெரியதொரு பாண் வைக்கப்பட்டிருக்கும். ஊரிலும் இத்தகைய வழக்கம் நமக்கு உண்டு. வாழைக்குலை, தேங்காய், முருங்கைக்காய், வீட்டுக் கோழியிட்ட முட்டை என்று கைக்கு எட்டியதைக் கொண்டுவந்து படைத்து, ஆராதனை முடிந்ததும் ஆலய முற்றத்தில் ஏலம் கூறுவர். வாங்கியவரே அதனை மீண்டும் ஆலயத்துக்குக் கொடுத்துவிட, ஒரே பூசணிக்காய் மூன்று முறை விலைபோவதைச் சிறுவயதில் நாம் வேடிக்கை பார்த்து நின்றதுண்டு.

அத்திருநாளுக்கு ஆயத்தம் செய்வதற்காக நமது செபக்குழு கூடிய மாலையொன்றில் இளந்தாய் ஒருவர் கேட்ட கேள்வியே இவ்வாரப் பத்தியை எழுத வைத்தது. கணவருக்கு வேலை போய்விட்டது. வவுனியாவில் தாயார் படுத்த படுக்கையாயிருக்கிறார். சென்று பார்க்கக் கையிற் பணமில்லை. மூத்த பிள்ளைக்குப் பாடசாலையில் ஏதோ சிக்கல். ஒவ்வொருவரும் தாம் நன்றி செலுத்த விரும்பும் காரியத்தைச் சொல்லிக்கொண்டு வந்த வேளை, அவருடைய முறை வந்தது. "ஐயா, நன்றி சொல்லச் சொல்லுறியள். எதுக்கெண்டு நீங்களே சொல்லுங்கோ, நான் சொல்லுறன்" என்றார்.

அன்று நாம் அளித்த விடை நல்ல விடையன்று. எல்லாவற்றிலும் நன்றி செலுத்த வேண்டுமெனப் பவுல் அடிகள் தெசலோனிக்கேயருக்கு எழுதியதை எடுத்துக்காட்டி, நேரமாகிவிட்டது என்று செபத்துக்குப் போய்விட்டோம். அவர் தலைகுனிந்து இருந்தார். அதனை இசைவு என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்பிய நமக்கு, அன்றிரவு அது இசைவன்று என்பது புலப்பட்டது. வேதவசனத்தைக் கொண்டு ஒருவருடைய வாயை அடைப்பது நமது செபக்கூட்டங்களில் நெடுநாளாக நடந்துவரும் பிழையாகும். அப்பிழையை நாமும் செய்தோம். எனவே அத்தாய்க்குச் சொல்லாமல் விட்டவற்றை இங்கு எழுத விழைகிறோம்.

முதலாவது, அந்த வசனம் எழுதப்பட்ட சூழல். கி.பி. 50ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட அந்நிருபம், புதிய ஏற்பாட்டு நூல்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. எழுதியவர் தெசலோனிக்கே நகரிலிருந்து இரவோடிரவாக வெளியேற்றப்பட்டவர். பெற்றுக்கொண்டவர்களோ அந்நகரிலேயே விடப்பட்டு, சொந்த ஊரவராலேயே துன்புறுத்தப்பட்டவர்கள். தப்பிச் சென்ற ஒருவர், தப்ப முடியாதவர்களுக்கு எழுதிய கடிதம் அது. அத்தகைய கடிதங்களை எழுதியும் பெற்றும் பழகிய நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. அவர் எழுதிய சொல்லும் 'எல்லாவற்றிலேயும்' என்பதே. ஷெல் விழுந்தமைக்காக நன்றி சொல்லுமாறு அங்கு கேட்கப்படவில்லை. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் 'எல்லாவற்றிற்காகவும்' என்றே உள்ளதே என்று வேதம் அறிந்த வாசகர் ஒருவர் குறுக்கிடக்கூடும். உண்மைதான், அவ்விடத்தை நாம் மறைக்கவில்லை. ஆயினும் அதே பவுல் அழுகிறவர்களுடன் அழுமாறும் எழுதினார். அழுகிறவரிடம் சென்று அழுகைக்கு நன்றி கூறுமாறு அவர் எங்கும் எழுதவில்லை.

இனி, நாம் வாழும் இந்நாட்டின் வரலாற்றிலிருந்தே ஒரு மனிதரைப் பார்ப்போம்.

சக்சன் மாநிலத்தில், லைப்சிக் நகருக்கு அருகே, முல்டே ஆற்றங்கரையில் ஐலன்பூர்க் என்ற சிறு நகரம் உள்ளது. அங்கு 1586ஆம் ஆண்டிற் பிறந்த மார்ட்டின் றிங்கார்ட் என்பவர் லூத்தரன் போதகராகி, 1617இல் தமது சொந்த ஊருக்கே பணியாற்றத் திரும்பினார். அடுத்த ஆண்டிலேயே ஐரோப்பாவைச் சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போர் மூண்டது. 1648இற் போர் ஓய்ந்தது. 1649இல் றிங்கார்ட் மறைந்தார். ஒரு போதகரின் ஊழியக் காலம் முழுவதையும் ஒரு போர் விழுங்கிவிட்டது என்றால் அதன் பொருள் என்னவென்று நம்மவருக்குத் தெரியும்.

ஐலன்பூர்க் மதில் சூழ்ந்த நகரம். ஆகவே சுற்றுக் கிராமங்களின் மக்கள் படைகளுக்கு அஞ்சி மூட்டை முடிச்சுகளுடன் அதற்குள் வந்து ஒடுங்கினர். கொள்ளும் அளவுக்கு மேல் மக்கள் நிறைந்த இடத்தில் நோய் பரவக் கேட்க வேண்டுமா? 1637இற் கொள்ளைநோய் வந்தது. அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு மாண்டனர் என வரலாற்றாசிரியர் கூறுவர். உடன் பணியாற்றிய போதகர்களில் ஒருவர் ஊரைவிட்டு நீங்கினார். வேறு இருவரை றிங்கார்ட் தமது கையாலேயே அடக்கம் செய்தார். அதன்பின் எஞ்சிய போதகர் அவர் ஒருவரே. நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது அடக்கங்கள். மொத்தமாக நாலாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அவர் அடக்கச் செபம் சொன்னார். அவருடைய மனைவியும் அவ்வாண்டிலேயே இறந்தார். ஒரு கட்டத்தில் உடல்களை அகழிகளில் இட்டு மூடுவதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

நோயை அடுத்துப் பஞ்சம். செத்த பூனைக்கும் காகத்துக்கும் மக்கள் தெருவில் அடிபட்டனர் எனச் சொல்லப்படுகிறது. றிங்கார்ட் தம்மிடமிருந்ததை வாசலில் வந்து நின்றோருக்குப் பகிர்ந்தளித்து, இனி வரவிருந்த வருமானத்தையும் ஈடுவைத்துக் கடன்பட்டார். அத்தோடும் துன்பம் ஓயவில்லை. சுவீடன் நாட்டுப் படையொன்று வந்து 30,000 தாலர் கப்பம் கேட்டது. அவர் தளபதியிடம் சென்று மன்றாடினார், பயனில்லை. திரும்பி வந்து, மனிதரிடம் இரக்கம் கிடைக்கவில்லை, கடவுளிடம் போவோம் என்னும் பொருள்பட மக்களை அழைத்து முழங்காற்படியிட்டார் என்றும், ஈற்றில் அத்தொகை 2,000 புளோரினாகக் குறைக்கப்பட்டது என்றும் அவரது வரலாற்றைச் சொல்வோர் கூறுவர்.

இவர் எழுதிய பாடலையே ஜேர்மானியர் இன்றும் நன்றித் திருநாள்களிற் பாடுகின்றனர். 'நூன் டாங்கெற் அல்லே கொற்' எனத் தொடங்கும் அப்பாடல் புரொட்டஸ்தாந்து ஆலயங்களின் பாடற்புத்தகத்தில் 321ஆம் இலக்கத்தில் உள்ளது, கத்தோலிக்கரும் பாடுவர். 1858இல் கதரின் விங்வேர்த் என்ற அம்மையார் ஆங்கிலத்திற் பெயர்த்தமையால் அது உலகெங்கும் பரவிற்று. உங்கள் பிள்ளைகள் பாடசாலையிலோ ஆலயத்திலோ அதனைப் பாடியிருக்கவும் கூடும்.

இப்பாடலைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் கதை ஒன்றைத் திருத்த வேண்டியுள்ளது. நாலாயிரம் பேரைப் புதைத்தபின், கண்ணீர் காயுமுன்னர், அவர் இப்பாடலை எழுதினார் எனப் பிரசங்கிகள் கூறுவர். கேட்க உருக்கமாக இருக்கும். நாமும் ஒருமுறை மேடையில் அவ்வாறே சொன்னோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பாடல் 1636ஆம் ஆண்டளவிலேயே, அதாவது கொள்ளைநோய்க்கு முன்னரே, இருந்ததென்பது ஆய்வாளர் கொள்கை. சீராக் ஆகமத்தின் ஐம்பதாம் அதிகாரத்திலுள்ள வாழ்த்தொன்றைத் தழுவி, உணவு உண்டபின் சொல்லும் சிறு மேசைச் செபமாகவே அது அமைந்திருந்தது.

இந்தத் திருத்தத்தினாற் கதையின் உருக்கம் குறைகிறது என்று சிலர் வருந்தலாம். நமக்கோ, அது கூடுகிறது. ஒரு வீட்டில், கூழோ பாணோ கிடைத்ததை உண்டு முடித்த பின், பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு தந்தை சொல்லிப் பழகிய செபம் அது. அடுத்த ஆண்டு அந்த மேசையில் ஓரிடம் வெறுமையாயிற்று. அப்போது அவர் புதிதாக நன்றியுணர்வைத் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. நாவிற் பழகிய சொற்கள் இருந்தன. மனம் வராத நாட்களில் நாவு முன்னே போயிருக்கும், மனம் பின்னே நொண்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். இது நமது ஊகமே. ஆயினும் சாவீட்டில் இருந்து எழுந்தவர்கள் இதனை மறுக்கமாட்டார்கள்.

இப்பாடலுடன் தொடர்புடைய வேறொரு காட்சியும் உண்டு. கோட்டிங்கன் நகருக்கு அருகே பிரீட்லாண்ட் என்ற இடத்தில் 1945 முதல் ஒரு முகாம் இயங்கி வருகிறது. 1956இல் ஹங்கேரியரும், 1978 முதல் வியட்நாமிலிருந்து படகில் தப்பியோரும் அங்கு வந்து சேர்ந்தனர். 1955 ஒக்ரோபரில், சோவியத் யூனியனில் பத்தாண்டுகளுக்கு மேலாகச் சிறைப்பட்டிருந்த இறுதி ஜேர்மானியக் கைதிகள் விடுதலையாகி அம்முகாமுக்கு வந்தபோது, அங்கு கூடியிருந்தோர் றிங்கார்ட்டின் பாடலைப் பாடினர். அக்கைதிகள் எந்தப் படையில் இருந்தவர்கள், அப்படை என்னென்ன செய்தது என்பனவெல்லாம் நாம் அறிந்தவையே. அவ்வழக்கை இங்கு எடுக்கவில்லை. நாம் காட்ட விரும்புவது அக்கூட்டத்தின் ஓரத்தில் நின்ற பெண்களை. காணாமற்போன மகனின், கணவனின் படத்தையும் பெயரையும் மட்டையில் ஒட்டிப் பிடித்தவாறு, வந்திறங்கிய ஒவ்வொருவரிடமும் 'இவரைக் கண்டீர்களா?' என்று கேட்டுக்கொண்டு அவர்கள் நின்றனர்.

2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியில் தெருவோரக் கொட்டகையில் அதே போன்ற படங்களைப் பிடித்தவாறு நம் தாய்மார் இருந்த காட்சியைக் கண்ட எவருக்கும் பிரீட்லாண்டின் அந்தப் பெண்கள் அந்நியராகத் தோன்றமாட்டார்கள். ஒரே முற்றத்தில் ஒருவர் நன்றிப்பாடல் பாடுகிறார். பக்கத்தில் நிற்பவரின் கையில் படம். பாடுபவரின் நன்றி பொய்யன்று. படம் பிடித்தவரின் துயரமும் பொய்யன்று. கிறிஸ்தவர்களாகிய நாம் இந்த முற்றத்தில் எப்படி நிற்பது என்பதே உண்மையான கேள்வி.

தொண்ணூறுகளில், ஒரு பங்கின் நிலவறை மண்டபத்தில் நடந்த செபக்கூட்டம் நினைவுக்கு வருகிறது. ஊரிலிருந்து கடிதம் வந்த மகிழ்ச்சியில் ஒருவர் எழுந்து சாட்சி சொன்னார். ஷெல் அடுத்த வளவில் விழுந்ததாம், தம் பெற்றோரின் வீட்டு ஓடுகூட உடையவில்லையாம், கர்த்தர் காத்தாராம். எல்லோரும் கைதட்டினோம். பின்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து வெளியே போனார். அவருடைய ஏழு வயதுப் பேத்தி அவ்வாண்டில்தான் ஷெல் வீச்சில் இறந்திருந்தாள். அது நம்மிற் பலருக்குத் தெரிந்தும் இருந்தது. அவரைத் தேடிப் படிக்கட்டுக்குச் சென்றோம்.

"அவையின்ர வீட்டைக் காத்தவர் எங்கட வீட்டை ஏன் காக்கேல்லை எண்டு நான் கேக்க வரேல்லைத் தம்பி. அது எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. நீங்கள் எல்லாரும் கைதட்டினியள். அதுதான் இருக்கேலாமல் வந்திட்டன்" என்றார் அவர்.

மன்னிப்புக் கேட்டோம். பின்பு, கேட்டிருக்கக் கூடாதோ என்று இன்றும் ஐயுறும் ஒரு கேள்வியைக் கேட்டோம்: "அம்மா, இப்பவும் செபம் சொல்லுறனீங்களோ?"

"சொல்லுறனான். ஏழு வருஷம் அவள் எங்களோட இருந்தவள் எல்லே? அதுக்கு நன்றி சொல்லுறன். மற்றதுக்குச் சண்டை பிடிக்கிறன். ரெண்டும் ஒரே செபத்திலதான்."

அவ்வம்மையார் இன்று உயிருடன் இல்லை. திருப்பாடல்கள் நூலைப் பற்றி நாம் படித்த விளக்கவுரைகள் யாவும் அந்தப் படிக்கட்டிற் கேட்டதை விடக் கூடுதலாக எதையும் சொல்லிவிடவில்லை. அந்நூலிலுள்ள 150 பாடல்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு புலம்பல்களே. அவற்றுட் பெரும்பாலானவை புலம்பலில் தொடங்கித் துதிக்குத் திரும்பும். 88ஆம் திருப்பாடல் திரும்புவதேயில்லை, இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதனையும் நீக்காமல் வேதத்தில் வைத்திருந்தவர்கள், நன்றி சொல்ல இயலாத நாளும் செபத்துக்குரிய நாளே என்று அறிந்திருந்தார்கள் போலும்.

சாட்சி சொல்வதை நாம் எதிர்ப்பவரல்லர். தப்பியவர் நன்றி சொல்லாமல் இருப்பாரா? ஆனால் தப்பாதவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற நினைவோடு சொல்ல வேண்டும். 1995 யூலை 9ஆம் நாள் நவாலி சென்.பீற்றர்ஸ் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் வான்படைக் குண்டுவீச்சிற் கொல்லப்பட்டபோதும், 1999 நவம்பரில் மடுத் தேவாலய வளவில் ஷெல் விழுந்தபோதும், 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்தபோதும் இறந்தவர்கள் செபிக்கத் தெரியாதவர்களல்லர். 'விசுவாசத்தால் நாம் தப்பினோம்' என்று ஒருவர் சொல்லும்போது அவர்களைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறார். அதை உணர்ந்து சொல்கிறாரா என்பதே நமது கவலை.

வேறொரு வகை நன்றியையும் இங்கு பிரித்து வைக்க வேண்டும். அகதியாக வந்தவரிடம் எல்லோரும் நன்றியை எதிர்பார்க்கின்றனர். அலுவலகத்தில் விண்ணப்பத்தாளைத் தள்ளுகிற உத்தியோகத்தர், கூரையொன்று கிடைத்ததே, இன்னும் என்ன கேட்கிறாய் என்பது போலப் பார்க்கிறார். குறைந்த கூலிக்கு இரவுவேலை தரும் முதலாளியும் அவ்வாறே. இந்நாட்டு மக்களிற் பலர் நமக்குச் செய்த நன்மைகள் உண்மையானவை. அவற்றை மறப்பது நமக்கு அழகன்று. ஆயினும் உரிமையைக் கேளாதிருப்பதற்கு விலையாக வாங்கப்படும் நன்றி நன்றியன்று, பணிவு. கடவுளுக்குச் செலுத்தும் நன்றி அத்தகையதாக ஆகிவிடக் கூடாது. படிக்கட்டில் நின்ற மூதாட்டி தம் ஆண்டவரோடு வழக்காடிக்கொண்டே நன்றி சொன்னார் அல்லவா?

தமிழில் நன்றி என்ற சொல்லே முதலில் செய்யப்பட்ட நன்மையைத்தான் குறித்தது. வள்ளுவர் 'செய்ந்நன்றி அறிதல்' என்று அதிகாரத்துக்குப் பெயர் வைத்ததும் அப்பொருளிலேயே. ஜேர்மன் மொழியில் நன்றியைக் குறிக்கும் சொல்லும் நினைத்தலைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரிற் பிறந்தவை. செய்யப்பட்டதை அறிவதும் நினைப்பதும் முன்னே வர, வாய்ச்சொல் பின்னே வருகிறது. சோறு போட்ட தாய்க்கு 'நன்றி' என்று ஊரில் எவரும் சொன்னதில்லை. இங்கு பிறந்த நம் பிள்ளைகளோ தண்ணீர்க் கோப்பைக்கும் 'டாங்க' சொல்கின்றனர். இரண்டிலும் குறையுண்டு, இரண்டிலும் நிறைவுண்டு.

லூக்கா எழுதிய நற்செய்தியில் பத்துத் தொழுநோயாளரின் கதை வருகிறது. நன்றி சொல்லத் திரும்பியவன் ஒருவனே என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் அந்நியன், சமாரியன் என்பதும் தெரியும். நாம் கவனிக்கத் தவறுவது வேறொன்று. யூதரும் சமாரியரும் ஒருவரோடொருவர் பழகாத காலம் அது. நோய் இருந்தவரையில் அந்தப் பத்துப் பேரும் ஒன்றாகவே திரிந்தனர். குணமான பின்னர் அவன் தனியாக வருகிறான். எண்பதுகளில் இங்கு வந்தோர் நினைத்துப் பார்க்கலாம். முகாமின் ஒரே அறையில் வடக்கார், கிழக்கார், சைவர், கத்தோலிக்கர், சபைக்காரர் என எட்டுப் பேர் இருந்தோம். ஒரே பானைச் சோறு. ஒருவருக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தால் எட்டுப் பேரும் வாசித்தோம். வதிவிட அனுமதி வந்தது, வேலை வந்தது, வீடு வந்தது. இப்போது ஒரே நகரில் மூன்று தமிழ்ச் சபைகள். ஒருவர் வீட்டு நல்லது கெட்டது மற்றவருக்குத் தெரிவதில்லை.

கத்தோலிக்கராகிய நம் சகோதரர் நற்கருணை என்று அழைக்கும் திருவிருந்துக்குக் கிரேக்க மொழியில் உள்ள பெயரின் பொருளே நன்றி செலுத்துதல் என்பதாகும். இயேசு பாணை எடுத்து நன்றி செலுத்தியது எந்த இரவில்? கூட இருந்து உண்டவனே காட்டிக்கொடுக்கப் புறப்பட்ட இரவில். அதன்பின் சில நாழிகைகளில் அவர் தோட்டத்தில் வியர்வை சிந்தி, இப்பாத்திரம் நீங்காதோ என்று மன்றாடினார். மறுநாள் சிலுவையில், ஏன் கைவிட்டீர் என்று கதறினார். நன்றியும் மன்றாட்டும் கதறலும் ஒரு நாளுக்குள், ஒருவருடைய வாயிலிருந்தே வந்தன.

அந்த இளந்தாயைச் சென்ற வாரம் மீண்டும் சந்தித்தோம். மேற்கண்டவற்றுட் சிலவற்றைச் சொன்னோம். முன்னர் சொன்ன விடைக்கு மன்னிப்பும் கேட்டோம். அவர் சிரித்தார். தாயாருடன் தொலைபேசியிற் பேசியபோது, சிறுவயதில் தமக்குச் சொல்லித்தந்த இரவுச் செபத்தை அந்த அம்மாவே தொடங்கினாராம். நடுவில் சொற்கள் மறந்துபோக, மகள் எடுத்துக்கொடுத்து முடித்தாராம். வேலை இன்னும் கிடைக்கவில்லை. பயணத்துக்குச் செபக்குழுவில் ஒரு சீட்டுப் பிடிக்கலாமென்று யாரோ சொல்ல, ஒன்பது பேர் சேர்ந்திருக்கிறோம்.

அறுவடைத் திருநாளன்று பலிபீடத்தில் வைப்பதற்கு அவர் ஒரு பை சிவப்புப் பச்சையரிசியும், தமிழ்க் கடையில் நெருப்பு விலைக்கு வாங்கிய நான்கு முருங்கைக்காயும் கொண்டுவரப் போவதாகச் சொன்னார். இது என்னவென்று ஜேர்மானியப் போதகர் கேட்டால் விளக்குவதற்கு நம்மைப் பக்கத்தில் நிற்குமாறு கேட்டிருக்கிறார். ஆராதனைக்குப் பின் ஏலம் போடும் வழக்கம் இங்கு இல்லை. இருந்திருந்தால் அந்த நான்கு முருங்கைக்காயும் என்ன விலைக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.